இரண்டு கால அட்டவணைகள்: நகரப் பல்கலைக்கழகத்தில் உதவி ஏன் மாணவரிடம் போய்ச் சேர்வதில்லை?

மாணவர் நல அலுவலகம் காலை 10 மணிக்குத் திறக்கிறது. மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை. மாலை 4 மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். அங்கே போக வேண்டிய மாணவர் காலை 6 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். இரண்டு வண்டி மாறி 9 மணி வகுப்புக்கு வந்து சேர்கிறார். 12:30 வரை வகுப்பு. 1:30க்குச் செய்முறை வகுப்பு. அது முடிய 4 மணி ஆகிவிடும். 5 மணிக்குப் பகுதிநேர வேலையில் நிற்க வேண்டும். கவுண்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் வகுப்பில் இருக்கிறார். அவருக்கு ஒழியும் ஒரு மணி நேரத்தில் கவுண்டருக்கும் இடைவேளை.

இந்த இரண்டு கால அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. அலுவலர் தன் வேலை நேரத்தில் இருக்கையில்தான் இருக்கிறார். மாணவரும் வகுப்புகளை ஒழுங்காகத்தான் கவனிக்கிறார். ஆனாலும் ஒரு செமஸ்டர் முழுக்க இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கழிந்துவிடும். செமஸ்டர் முடிவில் "இத்தனை வசதி வைத்திருக்கிறோம், மாணவர்கள் பயன்படுத்துவதில்லை" என்று பல்கலைக்கழகம் வருத்தப்படும். "நமக்கு உதவ யாரும் இல்லை" என்று மாணவர் நினைப்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

நகரப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆதரவு என்று பேச்சு வந்தால், என்னென்ன சேவைகள் உண்டு என்ற பட்டியலைத்தான் முதலில் நீட்டுவார்கள். உளநல ஆலோசனை, நிதி உதவி, கூடுதல் பயிற்சி, மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு, வேலைவாய்ப்பு மையம் என்று பட்டியல் நீளும். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலைவிட முக்கியமானது வேறொன்று. உதவி எந்த வாசலில், எந்த நேரத்தில் காத்திருக்கிறது? மாணவர் எந்த வழியாக, எந்த நேரத்தில் நடந்து போகிறார்? இரண்டும் ஓரிடத்தில் சந்திக்காவிட்டால் எவ்வளவு நல்ல திட்டமும் அறிவிப்புப் பலகையில்தான் இருக்கும்.

நகரத்தில் படிப்பதே ஒரு தனி வகை வாழ்க்கை. ஊருக்கு வெளியே, விடுதிகளோடு ஒரு சிற்றூர் போல அமைந்த வளாகத்தில் மாணவர் தூங்குவது, சாப்பிடுவது, படிப்பது, சண்டை போடுவது எல்லாம் ஒரே மதிலுக்குள். ஒருவர் நாலு நாளாக அறையைவிட்டு வெளியே வரவில்லை என்றால் பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நகரத்தில் வளாகம் என்பதே பல இடங்களில் நாலைந்து தெருக்களில் சிதறிக் கிடக்கும் கட்டடங்கள்தான். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் பேருந்தும் ரயிலும் பிடித்துப் போய்விடுவார்கள். நாலு நாளாக ஒருவர் வரவில்லை என்றால், வேலைக்குப் போயிருப்பார், வேறு பிரிவுக்கு மாறியிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்களே தவிரத் தேடிப் போக மாட்டார்கள்.

நகரம் கொடுக்கும் நன்மைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. பகுதிநேர வேலையும் பயிற்சிப் பணியும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். பெரிய மருத்துவமனை, நீதிமன்றம், அருங்காட்சியகம் எல்லாம் பாடப் புத்தகத்தின் தொடர்ச்சி போலப் பக்கத்திலேயே இருக்கும். குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு வேறு வழியும் இல்லை. வயதில் மூத்தவர்கள், குழந்தை உள்ளவர்கள், முழுநேர வேலையில் இருப்பவர்கள் என்று பல வகை மாணவர்களும் நகரப் பல்கலைக்கழகத்தில்தான் சேர முடிகிறது. அதனால்தான் அங்கே ஆதரவுச் சேவைகளின் வேலையும் கடினமாகிறது. 'வழக்கமான மாணவர்' என்று ஒருவரை மனதில் வைத்து வடிவமைத்த எதுவும் அங்கே பாதிப் பேருக்குப் பொருந்தாது.

இந்த வாழ்க்கையின் கனத்தைத் தெரிந்துகொள்ள மாணவரின் பையைத் திறந்து பார்த்தால் போதும். மடிக்கணினி, சார்ஜர், ஆய்வகக் கோட்டு, குடை, தண்ணீர் பாட்டில், மதியச் சாப்பாடு, மாலை வேலைக்கான சீருடை எல்லாம் அதற்குள் இருக்கும். விடுதி மாணவர் அறைக்குப் போய் எடுத்துக்கொள்ளும் பொருளையெல்லாம் இவர் நாள் முழுக்கத் தோளில் சுமக்கிறார். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே மூன்று மணி நேர இடைவெளி வந்தால் வீட்டுக்குப் போய்த் திரும்பவும் முடியாது, இங்கே உட்காரவும் இடம் இருக்காது. நான் படித்தபோது அப்படிப்பட்ட நாட்களை நூலகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னலோர மேசையில் கழித்தேன். ஒருமுறை பராமரிப்புக்காக நூலகத்தை இரண்டு வாரம் மூடினார்கள். அந்த மேசை எனக்கு வீட்டின் இன்னோர் அறையாகவே ஆகிவிட்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பூட்டி வைக்க ஒரு லாக்கர், செருகி வைக்க ஒரு மின் இணைப்பு, யாரும் எழுப்பிவிடாத ஒரு நாற்காலி. மாணவர் நலன் என்ற பேச்சை இவற்றிலிருந்து தொடங்கினால் நிறைய விஷயங்கள் சரியாகும் என்பது என் எண்ணம்.

எட்டு நூற்றாண்டுகளாக அதே கவலை

மாணவர் ஆதரவு என்பது அண்மைக் காலத்தில் வந்த சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். பல்கலைக்கழகம் என்ற அமைப்பு தோன்றிய காலத்திலேயே இதுவும் தோன்றிவிட்டது. தோற்றுவித்த காரணங்களும் நமக்குப் பழக்கமானவைதான்: வாடகை, கடன், படுக்க இடம்.

பாரிஸில் 1180இல், லண்டனிலிருந்து வந்த ஜோசியஸ் என்பவர் ஒரு மருத்துவமனையில் ஓர் அறையை விலைக்கு வாங்கி, ஏழை மாணவர்கள் 18 பேர் தங்குவதற்குக் கொடுத்தார். அதற்குப் 'பதினெண்மர் கல்லூரி' என்றே பெயர் நிலைத்தது. கல்லூரி என்ற சொல்லுக்கு இன்று நாம் வகுப்பறையை நினைக்கிறோம். அன்று அது முதலில் படுக்கையைக் குறித்தது. இத்தாலியின் பொலோஞாவில் வெளியூர் மாணவர்களின் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. ஒரு நாட்டுக்காரர் வைத்த கடனை அதே நாட்டைச் சேர்ந்த மாணவரிடம் பிடுங்கும் வழக்கம் அங்கே இருந்தது. புனித ரோமப் பேரரசர் முதலாம் பிரெடெரிக் 1150களில் ஆணை பிறப்பித்து அதைத் தடை செய்தார்.

ஆக்ஸ்போர்டின் கதை இன்னும் கூர்மையானது. 1209இல் ஒரு பெண் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நகரத்தார் சில மாணவர்களைத் தூக்கில் போட்டார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் ஊரைவிட்டே கிளம்பினார்கள். ஒரு பகுதியினர் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார்கள். 1214இல் போப்பின் பிரதிநிதி சமரசம் செய்து வைத்தபோது நகரத்தின்மேல் விதித்த நிபந்தனைகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். மாணவர்கள் தங்கும் வீடுகளின் வாடகையை 10 ஆண்டுகளுக்குப் பாதியாகக் குறைக்க வேண்டும். உணவுப் பொருளை நியாய விலைக்கு விற்க வேண்டும். ஏழை மாணவர்களுக்காக ஆண்டுதோறும் 52 ஷில்லிங் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தை அடிப்படையாக வைத்து 1240இல் லிங்கன் நகர ஆயர் ராபர்ட் குரோசெடெஸ்ட் ஒரு கடன் பெட்டகத்துக்கு விதிமுறை வகுத்தார். மாணவர் ஒரு பொருளை அடகாக வைத்து வட்டி இல்லாமல் கடன் வாங்கலாம். பெரும்பாலும் அடகுக்குப் போனவை புத்தகங்கள்.

புத்தகத்தை அடகு வைத்துப் படிப்பைத் தொடர்வது! நினைக்கவே வலிக்கிறது. ஆனால் இன்றைக்கு எந்த நிதி உதவி அலுவலகத்தில் போய்க் கேட்டாலும், அவசரக் கடன் வேண்டி வருகிறவர்கள் சொல்லும் காரணங்கள் ஆக்ஸ்போர்டு மாணவரின் காரணங்களிலிருந்து பெரிதாக மாறியிருக்காது. நகரத்தில் படிப்பவருக்கு நகரத்தின் விலைவாசிதான் முதல் பாடம்.

பிற்காலத்தில் சில நாடுகள் இந்தப் பொறுப்பைத் தனித்தனிப் பல்கலைக்கழகங்களின் தலையில் கட்டாமல் பொது அமைப்புகளிடம் கொடுத்தன. பிரான்ஸில் 1955இல் சட்டப்படி அமைந்த குரூஸ் என்ற வட்டார அமைப்புகள் மாணவர் விடுதி, உணவகம், உதவித்தொகை ஆகியவற்றைக் கவனிக்கின்றன. ஜெர்மனியில் இதே வேலையை ஷ்டூடியரெண்டன்வெர்க் எனப்படும் அமைப்புகள் செய்கின்றன. பின்லாந்தில் மாணவர்களுக்கென்றே ஒரு சுகாதார அமைப்பு 1954இல் தொடங்கியது. ஒரே நகரத்தில் எந்தக் கல்வி நிலையத்தில் படித்தாலும் ஒரே கதவைத் தட்டலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய வசதி. கல்லூரி மாறினாலும் உதவி மாறுவதில்லை.

மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

உளநல ஆலோசனைப் பிரிவைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1910இல் தொடங்கியதைத்தான் பல்கலைக்கழக அளவிலான முதல் உளநல சேவையாகக் குறிப்பிடுவார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த சிலர் மனச் சிக்கல்களால் பட்டம் வாங்காமலே வெளியேறியதைக் கவனித்ததுதான் அதற்குக் காரணம். தொடக்கத்திலிருந்தே இது 'பலவீனமானவர்களுக்கான' இடமாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் ஆய்வுத் திட்டம் ஒன்று 8 நாடுகளில் 19 கல்லூரிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 14,000 முதலாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டறிந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. வாழ்க்கையில் எப்போதாவது ஒரு மனநலக் கோளாறின் அறிகுறிகள் இருந்ததாகத் தெரிந்தவர்கள் சுமார் 35 சதவீதம். மூன்றில் ஒருவர். வகுப்பில் உங்கள் இடப் பக்கம் ஒருவர், வலப் பக்கம் ஒருவர், நடுவில் நீங்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு உறைக்கும்.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும் என்பது தெரியாததால்தான் பலர் தயங்குகிறார்கள். பெரும்பாலும் அது சிகிச்சையாக இருக்காது. என்ன சிக்கல், எவ்வளவு நாளாக, தூக்கமும் சாப்பாடும் எப்படி, உயிருக்கு ஆபத்தான எண்ணம் ஏதும் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அதை வைத்து அடுத்து யாரிடம், எவ்வளவு சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்வார்கள். முதல் நாளே மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து, இரண்டாம் முறை போகாமல் விட்டுவிடுகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த ஏமாற்றம் பாதியாகக் குறையும். பல மையங்கள் ஒருவருக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சந்திப்புகள்தான் தர முடியும். நீண்ட காலச் சிகிச்சை தேவைப்படுபவரை வெளியே இருக்கும் மருத்துவரிடம் அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் 'நம்மைக் கழற்றி விடுகிறார்கள்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், ரகசியம். துறைக்குத் தெரிந்துவிடுமோ, வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. ஆலோசகர்களின் தொழில் நெறிப்படி நீங்கள் பேசியது உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து போன்ற சில நிலைமைகள் மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்குகள் எவை என்று முதல் நாளே ஆலோசகரிடம் நேராகக் கேட்டுவிடலாம். ஒழுங்கான ஆலோசகர் அந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நேரம் என்ற சிக்கல் இங்கேயும் வருகிறது. மனம் உடைவது அலுவலக நேரத்தில் நடப்பதில்லை. கடைசி வண்டியைப் பிடித்து அறைக்கு வந்து, விளக்கை அணைத்த பிறகுதான் எல்லாம் மேலே வந்து விழுகிறது. இதைப் புரிந்துகொண்டு 1970இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நைட்லைன் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற மாணவர்களே இரவு முழுக்கத் தொலைபேசி அருகில் உட்கார்ந்திருப்பார்கள். அறிவுரை சொல்வதில்லை, பெயர் கேட்பதில்லை. கேட்டுக்கொள்வது மட்டும்தான். பின்னர் அது வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. இரவு 2 மணிக்கு மறுமுனையில் ஒரு மனிதக் குரல் இருக்கிறது என்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்று, அந்த நேரத்தில் தனியாக விழித்திருந்தவர்களுக்குத் தெரியும்.

மாணவரைத் திருத்தலாமா, பாடத்தைப் பார்க்கலாமா?

படிப்பில் உதவி என்று வரும்போது ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. 'பின்தங்கிய மாணவர்களுக்கான சிறப்பு வகுப்பு' என்று பெயர் வைத்தால், தேவைப்படுகிறவர்களே அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். அந்த அறைக்குள் நுழைவதைத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது?

அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி என்ற நகரத்தில் உள்ள மிசௌரி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் 1973இல் இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பலவீனமான மாணவர் யார் என்று தேடுவதை விட்டுவிட்டு, பலரும் தோற்கும் பாடம் எது என்று பார்க்கத் தொடங்கினார். அந்தப் பாடத்தை ஏற்கெனவே நன்றாகப் படித்து முடித்த மூத்த மாணவர் ஒருவர் மறுபடி எல்லா வகுப்புகளிலும் உட்கார்ந்து கவனிப்பார். வாரந்தோறும் குழுவாகக் கூடிப் படிக்கும் அமர்வுகளை நடத்துவார். யார் வேண்டுமானாலும் வரலாம். முதல் மதிப்பெண் வாங்குபவரும் வருவார், தேறுவாரா என்று தெரியாதவரும் வருவார். கஷ்டமானது பாடம், மாணவர் அல்ல என்று ஆகிவிட்டதால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த முறை இன்று பல நாடுகளில் வெவ்வேறு பெயர்களில் நடக்கிறது.

அதே பத்தாண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூரி டிரைஸ்மன் இன்னொரு விஷயத்தைக் கவனித்தார். நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் பலர் நன்றாகச் செய்தார்கள். குடும்பப் பின்னணி சரியில்லை, ஆர்வம் இல்லை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிரைஸ்மன் இரண்டு தரப்பிலும் 20 பேரைத் தேர்ந்து, அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் நேரம் ஒதுக்கி, ஒழுங்காக, ஆனால் தனியாகப் படித்தார்கள். மற்றவர்கள் தனியாகப் படித்த பிறகு ஒன்றுகூடிச் சரிபார்த்துக்கொண்டார்கள். தான் செய்த தவறு எல்லாருக்கும் வரும் தவறா, தனக்கு மட்டும் புரியவில்லையா என்பது சேர்ந்து படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. தனியாகப் படிப்பவருக்குத் தேர்வு முடிவு வரும்வரை தெரிவதில்லை.

நகரப் பல்கலைக்கழக மாணவருக்கு இது நேராகப் பொருந்தும். வகுப்பு முடிந்ததும் வண்டி பிடிக்க ஓடுகிறவருக்குச் சேர்ந்து படிக்க ஆள் இல்லை. விடுதியில் இருந்தால் இரவுச் சாப்பாட்டு மேசையில் தானாக நடந்திருக்கும் உரையாடல் இங்கே யாராவது ஏற்பாடு செய்தால்தான் நடக்கும். அந்த ஏற்பாட்டையும் மாலை 6 மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர் வர முடியாது. பாட நேர அட்டவணைக்குள்ளேயே, இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் வைத்தால் வருவார்.

மாற்றுத்திறனாளி மாணவர்கள் தங்களுக்கான சேவையைத் தாங்களே உருவாக்கிய கதை ஒன்றும் பெர்க்லியில்தான் நடந்தது. 14 வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962இல் அங்கே படிக்க வந்தார். இரவில் அவர் மூச்சுவிடத் தேவைப்பட்ட இரும்பு நுரையீரல் எந்திரத்தை வைக்க விடுதிகளில் வசதி இல்லை. வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியிலேயே தங்கிப் படித்தார். அவர் வழியில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் சேர்ந்து உருவாக்கிய மாணவர் திட்டம் 1970இல் செயல்படத் தொடங்கியது. உதவியாளர் பிடித்துத் தருவது, ஏறி இறங்கத் தோதான வீடு தேடித் தருவது, சக்கர நாற்காலி பழுதானால் சரி செய்வது ஆகியவை அதில் இருந்தன. தனக்கு எது தடை என்று அனுபவித்தவர் வடிவமைத்தால் சேவை எப்படி இருக்கும் என்பதற்குச் சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவருக்கு அது தோன்றியிருக்காது.

வேலைவாய்ப்பு மையம், வெளிநாட்டு மாணவர் பிரிவு, விளையாட்டு வசதி எல்லாம் உண்டு. அவற்றைப் பற்றிப் பல்கலைக்கழகங்களே நிறையச் சொல்லிக்கொள்வதால் நான் இங்கே நிற்கவில்லை.

கேட்காமல் இருப்பதற்கான காரணங்கள்

சேவை இருந்தும் ஏன் போவதில்லை என்று மாணவர்களிடம் கேட்டால் வரும் பதில்களில் அடிக்கடி கேட்பது: "என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களுக்குத்தான்." அடக்கமும் கூச்சமும் கலந்த பதில். இதைச் சொல்பவர் பெரும்பாலும் உண்மையிலேயே உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர். உளநல ஆலோசனைக்கும் நிதி உதவிக்கும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொரு காரணம் சொற்கள். பேராசிரியர் மாணவர்களைச் சந்திப்பதற்காக வாரத்தில் சில மணி நேரத்தை ஒதுக்கி, அறைக் கதவில் எழுதி ஒட்டியிருப்பார். குடும்பத்தில் முதல்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர் அதைப் பார்த்து, 'அது அவருடைய வேலை நேரம், தொந்தரவு செய்யக் கூடாது' என்று புரிந்துகொள்கிறார். படித்த குடும்பத்திலிருந்து வந்தவர், 'நாம் போய்ச் சந்தேகம் கேட்பதற்கான நேரம்' என்று படிக்கிறார். கதவில் இருப்பது ஒரே காகிதம்தான். அதன் பொருளை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. முதல் வகுப்பில் ஆசிரியர் இரண்டு நிமிடம் ஒதுக்கி இதை விளக்கினால் எத்தனை பேருக்கு வழி திறக்கும்!

மூன்றாவது, அலைச்சல். நானும் ஒரு சமயம் கட்டணச் சலுகைக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் இன்னொரு பிரிவைக் காட்டினார்கள். அங்கே ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அடுத்த வாரம்தான் வருவார். அடுத்த வாரம் எனக்குத் தேர்வு. தேர்வு முடிந்து போனபோது கடைசித் தேதி தாண்டியிருந்தது. யாரும் என்னை விரட்டவில்லை, எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் நான் மறுபடி எந்த உதவியும் கேட்கப் போகவில்லை. இன்றைக்கு நினைத்தால் அது எனக்கு நானே செய்துகொண்ட கெடுதல் என்று தெரிகிறது. அந்த வயதில் அது தெரியவில்லை.

வழியிலேயே போய் நின்ற உதவி

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல், இரண்டு ஆண்டுப் பட்டம் தரும் தன் சமூகக் கல்லூரிகளில் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. வீட்டிலிருந்து வந்து போகும், வசதி குறைந்த மாணவர்கள்தான் அங்கே அதிகம். முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு மீதிக் கட்டணம், பாடப் புத்தகம், தோதான வகுப்பு நேரம் ஆகியவற்றைத் திட்டம் பார்த்துக்கொண்டது. கூடவே தனி ஆலோசகர் ஒருவர். வழக்கமான ஆலோசகருக்கு நூற்றுக்கணக்கில் மாணவர்கள் இருக்கும்போது, இவருக்குச் சில பத்துப் பேர்தான்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் பயண அட்டை. நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் செல்லும் இலவச அட்டையை மாதந்தோறும் கொடுத்தார்கள். திட்டத்தில் ஒழுங்காகப் பங்கெடுத்தால்தான் அட்டை. ஆலோசகரைப் பார்ப்பதும் அந்தப் பங்கெடுப்பில் சேர்த்தி. மாணவருக்கு அன்றாடம் எது தேவையோ அதோடு சந்திப்பை முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 'பிரச்சினை இருந்தால் வா' என்பதற்கும் 'அட்டைக்காக வா, வந்ததும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன்' என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முதல் வகையில், தன்னிடம் பிரச்சினை இருப்பதை மாணவர் முதலில் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் அந்தச் சுமை இல்லை.

திட்டத்தைக் குலுக்கல் முறையில் சோதித்தும் பார்த்தார்கள். ஏறக்குறைய 900 மாணவர்களில் ஒரு பகுதியினர் திட்டத்தில் சேர்ந்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான சேவைகள். மூன்று ஆண்டுகளில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், மற்றவர்களில் 22 சதவீதம். கல்வித் துறையில் ஒரு திட்டம் இவ்வளவு வித்தியாசம் காட்டுவது அரிது.

அட்லாண்டா நகரின் நடுவில் இருக்கும் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. கட்டணத்தில் சிறு தொகை பாக்கி என்பதற்காக ஒவ்வொரு செமஸ்டரிலும் பலரின் பெயர் வகுப்புப் பட்டியலிலிருந்து நீங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் பட்டத்துக்கு மிக அருகில் வந்தவர்களும் இருந்தார்கள். 2011 முதல் பல்கலைக்கழகமே கணக்குகளைப் பார்த்து, தகுதி உள்ளவர்களை அழைத்து அந்தப் பாக்கியைத் தீர்க்கத் தொடங்கியது. மாணவர் விண்ணப்பிக்கவே தேவையில்லை. படிவம் இல்லை, வரிசை இல்லை, கையெழுத்து தேடி அலைய வேண்டாம். 2012இல் மதிப்பெண், பாடத் தேர்வு போன்ற 800க்கும் மேற்பட்ட குறிகளைக் கணினியால் கண்காணித்து, மாணவர் தடம் மாறும்போதே ஆலோசகர் கூப்பிட்டுப் பேசும் முறையையும் கொண்டுவந்தார்கள்.

இந்த இரண்டாவது ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. கணினி ஒருவரைத் 'தோற்கக் கூடியவர்' என்று குறித்துவிட்டால், ஆலோசகர் அதை அவரைக் கைதூக்கிவிடவும் பயன்படுத்தலாம், 'உனக்கு இந்தப் பாடம் சரிவராது' என்று சுலபமான பாடத்துக்குத் தள்ளிவிடவும் பயன்படுத்தலாம். எண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து பேச நேரமும் மனமும் உள்ள ஆள் இருந்தால்தான் எச்சரிக்கைக்குப் பயன் உண்டு. ஜார்ஜியாவில் அதற்காகவே கூடுதல் ஆலோசகர்களை நியமித்தார்கள். மென்பொருளை மட்டும் வாங்கிவிட்டு ஆளைப் போடாத இடங்களில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இத்தகைய திட்டம் எதுவும் இல்லாத நகரப் பல்கலைக்கழகத்தில் இப்போது படித்துக்கொண்டிருப்பவர் என்ன செய்யலாம்? செமஸ்டரின் முதல் சில வாரங்களில் ஆலோசனை மையத்தில் பெரும்பாலும் கூட்டம் குறைவாக இருக்கும். சிக்கல் எதுவும் இல்லாதபோதே நல அலுவலகத்துக்கும் ஆலோசனை மையத்துக்கும் ஒருமுறை நடந்து போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். தேர்வு நெருங்கும்போது காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிடும், அப்போது வழி தேடிக்கொண்டிருக்க முடியாது. கவுண்டரில் உங்களை வேறொரு பிரிவுக்கு அனுப்பினால், "அங்கே யாரைப் பார்க்க வேண்டும், அவர் எப்போது இருப்பார், நான் என்ன எடுத்துவர வேண்டும்?" என்று மூன்றையும் கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அங்கிருந்தே அவருக்குப் போன் செய்து சொல்லச் சொல்லுங்கள், பல அலுவலர்கள் செய்வார்கள். நேரில் வர முடியாவிட்டால் மின்னஞ்சலில் எழுதுங்கள்: பெயர், பதிவு எண், என்ன தேவை, எந்தத் தேதிக்குள், நீங்கள் வரக்கூடிய நேரம் எது. நாலு வரி போதும். கடைசித் தேதி தாண்டியிருந்தாலும் எழுதுங்கள். விதிவிலக்கு கொடுக்க அதிகாரம் உள்ளவர் யாராவது பெரும்பாலும் அந்தக் கட்டடத்தில் இருப்பார், கேட்டால்தான் அவர் பெயர் தெரியவரும்.